32 ஜிபி ராம், நானூறு மாட்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மாட் (ரசிகர்கள் எழுதிக் கேமில் சேர்க்கும் கூடுதல் சரக்கு) போட்ட கேம் கிராஷ் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "ராம் போடு", அதாவது கம்ப்யூட்டரின் மெமரியைக் கூட்டு என்பதுதான். நானும் அதைக் கேட்டுத்தான் 8-லிருந்து 16-க்கும், 16-லிருந்து 32-க்கும் ஏறினேன். 32-க்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ் மூன்றையும் மாட் மேல் மாட் குவித்து ஓட்டியாயிற்று. ராம் கூட்டியதால் பாதித் தொல்லைதான் தீர்ந்தது. மீதியில் முக்கால்வாசி நானே இழுத்து விட்டுக்கொண்டது.

முதலில் மைன்கிராஃப்ட். இந்த கேம் கம்ப்யூட்டரில் இருக்கிற ராம் முழுவதையும் தானாக எடுத்துக்கொள்ளாது. அது ஓடுவது ஜாவா என்ற மென்பொருளின் மேல்; அந்த ஜாவாவுக்கு எவ்வளவு என்று லாஞ்சரில் (கேமைத் தொடங்கும் புரோகிராமில்) எழுதி வைக்கிறோமோ அதற்குள்தான் குடித்தனம். லாஞ்சரில் வெகுகாலம் இருந்த அளவு 2 ஜிபி. முன்னூறு மாட்டைச் சேர்த்துக் கட்டிய பேக்குக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி; மெனு வருவதற்கு முன்பே "அவுட் ஆஃப் மெமரி" என்று விழும். அதனால் 16 ஜிபி இருந்த காலத்தில் தாராளமாக 12 ஜிபியைத் தூக்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் வேடிக்கை. 6 ஜிபியில் லேசாகத் திக்கியது, 12 ஜிபியில் இரண்டு மூன்று விநாடி உறைந்தே போனது.

எஃப்3 அழுத்தினால் வலது மேல் மூலையில் மெமரி எத்தனை சதவீதம் என்று ஓடும். அதை ஒரு சாயங்காலம் முழுக்க வெறித்துப் பார்த்தேன். 40, 55, 70, 88 என்று ஏறும், திடீரென்று 35-க்கு விழும். விழுகிற அந்த நேரத்தில்தான் படம் நின்றது. ஜாவா குப்பையைச் சேர விட்டு மொத்தமாகப் பெருக்குகிற ரகம். இடம் கூடினால் பெருக்குவது குறையும், ஆனால் பெரிய பெருக்கல் வந்தால் நேரம் பிடிக்கும். அதோடு, 12 ஜிபி கொடுத்தால் அது 12-லேயே நிற்காது. ஜாவா தன் சொந்த வேலைக்கும் டிரைவருக்கும் அதற்கு வெளியே இன்னும் ஒன்றிரண்டு ஜிபி எடுக்கும். மிஞ்சிய இரண்டு ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் எப்படி மூச்சு விடும்? விண்டோஸ் கேமின் மெமரியையே கொஞ்சம் கொஞ்சமாக ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்குக்குத் தள்ள ஆரம்பித்தது. பெருக்குகிறவன் அறைக்குள் வந்தால் பாதிச் சாமான் மாடியில் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். திக்காமல் என்ன செய்யும்?

இப்போது 32 ஜிபியிலும் பெரிய பேக்குக்கு 8 ஜிபிதான் கொடுக்கிறேன், ரொம்பப் பெரியதென்றால் 10. அதற்கு மேல் கொடுத்து எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. ஃபெரைட்கோர் என்று ஒரு சின்ன மாட் இருக்கிறது, மெமரி தின்பதை நன்றாகக் குறைக்கும். ராம் வாங்கும் முன் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்கைரிம் வேறு கதை. 2011-இல் வந்த பழைய பதிப்பு 32-பிட். கம்ப்யூட்டரில் எவ்வளவு ராம் இருந்தாலும் அதனால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64-பிட் என்பதால் அந்தக் கூரை போய்விட்டது. நான் ஆடுவது அதைத்தான், நானூறு சொச்சம் மாட்.

32 ஜிபி போட்ட புதிதில் ஒரு மேதாவித்தனம் செய்தேன். இவ்வளவு ராம் இருக்கும்போது பேஜ்ஃபைல் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கும் இடம்) எதற்கு, எஸ்எஸ்டி தேயுமே என்று அதை அணைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, ஊரைவிட்டு வெளியே குதிரையில் கிளம்பினால் கேம் சத்தமில்லாமல் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். மாட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். இரண்டு வாரம் அதே வேலை. கடைசியில் இரண்டாவது மானிட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். உபயோகத்தில் இருப்பது 21 ஜிபி. இன்னும் 11 ஜிபி காலி. ஆனாலும் கிராஷ்.

விஷயம் அதற்குக் கீழே இருக்கிற "கமிட்டட்" என்ற வரியில் இருந்தது: 31.4/31.9. ஒரு புரோகிராம் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்டு வாங்கிவிட்டால், அதை இன்னும் தொடாவிட்டாலும் விண்டோஸ் முழுசாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் கர்ச்சீப் போட்டுப் பிடித்த நாற்காலி மாதிரி. ஆள் உட்காரவில்லை, ஆனால் இடம் போயிற்று. ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கின் எல்லை. பேஜ்ஃபைலை அணைத்ததால் எல்லை 32-லேயே நின்றுவிட்டது. அடுத்து கேட்ட சின்னத் துண்டைக்கூட விண்டோஸ் இல்லை என்றுவிட்டது. பேஜ்ஃபைலை 20 ஜிபிக்கு வைத்தேன். அந்தக் கிராஷ் அன்றோடு போனது. அதில் உண்மையில் எழுதப்படுவது சொற்பம்தான், எஸ்எஸ்டியை நினைத்துப் பயந்தது வீண். மாட் லிஸ்ட் தயாரிக்கிறவர்கள் பேஜ்ஃபைலைப் பெரிதாக வை என்று குறிப்பில் எழுதுவதைப் பல தடவை பார்த்தும் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, 32 ஜிபி உண்மையிலேயே தேவைப்பட்டது எதற்கு என்றால், சிட்டிஸ் ஸ்கைலைன்ஸுக்கு. நான் சொல்வது 2015-இல் வந்த முதல் பாகம். நீங்கள் சப்ஸ்கிரைப் செய்த கட்டிடம், மரம், பஸ் எல்லாம் நகரத்தில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் லோட் ஆகும்போது மெமரிக்கு வந்துவிடும். 16 ஜிபியில் லோடிங் பட்டை முக்கால்வாசி வந்ததும் டிஸ்க் கதற ஆரம்பிக்கும். 32 போட்ட அன்று அதே நகரம் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் திறந்தது. லோடிங் ஸ்கிரீன் மாட் தரும் அறிக்கையைத் திறந்து பார்த்தபோதுதான் என் லட்சணம் தெரிந்தது. சப்ஸ்கிரைப் செய்த கட்டிடம், மரம் போன்ற அசெட்டில் பாதியை நான் எங்கேயும் வைக்கவே இல்லை. கழித்துக் கட்டினேன். இந்த கேமில் மட்டும் 64 ஜிபிக்காரர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன்.

ராம் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ராமின் வேகம் 3200 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் பெரும்பாலும் அந்த வேகத்தில் ஓடாது. என்னுடையது ஒரு வருடம் 2400-இல் ஓடியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது, பழைய இரண்டு 8 ஜிபி ஸ்டிக்கையும் வீணாக்க மனமில்லாமல் புது 16 ஜிபி ஜோடியோடு சேர்த்து 48 ஆக்கினேன். மைன்கிராஃப்ட் உலகம் கெட்டுப்போனது, ஜிப் ஃபைல் பிரிக்கும்போது பிழை வந்தது. பழி முழுக்க மாட் மேல் போட்டேன். இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பழைய ஜோடியைக் கழற்றியதும் சிவப்பும் போனது, பிழையும் போனது. எந்த மாட்டும் கெட்டிருக்கவில்லை.

இன்னும் என்னைப் படுத்துவது கிராபிக்ஸ் கார்டின் மெமரி. அது 8 ஜிபிதான், அதற்கு ஸ்டிக் வாங்கிச் செருக முடியாது. நிரம்பினால் மிச்சம் சாதா ராமுக்கு வழியும். அங்கிருந்து வந்து போக நேரமாவதால் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் படம் இடறும். 4கே டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம், பக்கத்துக்கு 4096 புள்ளி) ஒன்று சுருக்காமல் 64 எம்பி, பிசி7 முறையில் சுருக்கினால் 16 எம்பி. 2கே என்றால் அதிலும் கால்வாசி, 4 எம்பி. ஒரு பொருளுக்கு இப்படி இரண்டு மூன்று டெக்ஸ்சர் வேண்டும். என் லிஸ்டில் ஒரு மரவாளிக்கு 4கே போட்டிருந்தது, அதுவும் சுருக்காமல். அந்த வாளியை நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. இப்போது மலைக்கும் முகத்துக்கும் மட்டும் 4கே, மற்றதெல்லாம் 2கே. வாளிக்கு 512.