கோல்டு ஸ்ப்ரேயில் ஓடிஎஸ் எஃகுக் குழாய்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

வேக ஈனுலை எரிபொருளுக்கான ஓடிஎஸ் எஃகுக் (ஆக்சைடு நுண்துகள்களால் வலுவூட்டியது) குழாயை வழக்கமாகப் பால் மில் (உலோகக் குண்டுகளால் பவுடரை அரைப்பது), எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே அழுத்தித் தள்ளுவது), பிறகு பல சுற்று பில்கரிங் (குளிர்நிலையில் உருட்டி விட்டத்தையும் சுவரையும் குறைப்பது) என்றுதான் செய்கிறார்கள். கோல்டு ஸ்ப்ரேயில், அதாவது பவுடரை உருக்காமல் வாயுவால் அதிவேகமாக மோதவைத்து ஒட்டும் முறையில், அலுமினிய மேன்ட்ரல் (பிறகு கரைத்தெடுக்கும் உள்தண்டு) மீது பவுடரைப் பூசி நேராகவே குழாயாக எடுத்துவிடலாம். சென்னையில் மாதிரிக் குழாய்களுக்கு ஓட்டிய வரையில், ஸ்ப்ரே கன்னைவிடப் பவுடரும் மேன்ட்ரலும்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன.

பால் மில்லில் அரைத்த பவுடர் ஏற்கெனவே இறுகியிருக்கும். மோதியதும் தட்டையாகாமல் எகிறிவிடும். காஸ் அட்டமைஸ் செய்த (உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்த) உருண்டைத் துகள், 15 முதல் 45 மைக்ரான், நன்றாக ஒட்டுகிறது. வலுவூட்டும் ஆக்சைடு நுண்துகள்கள் பிற்பாடு சூடாக்கும்போது உருவாகிக்கொள்ளும். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஃபீடரில் பவுடர் கட்டி தட்டும், பூச்சு வரிவரியாக விழும். 100 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்தாமல் போடவே கூடாது.

பவுடரைத் தள்ளும் வாயுவாக நைட்ரஜன் மலிவு, ஆனால் எஃகுக்கு ஹீலியம் தரும் வேகம் அதில் வராது, நுண்துளை மிஞ்சும். வெப்பத்தைக் கூட்டி ஈடுகட்டப் போனால் நாசில் அடைக்கும்.

மேன்ட்ரலில்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 300 மிமீ அலுமினியத் தண்டு 200 டிகிரி சூடேறினால் சுமார் 1.4 மிமீ நீளும். இரு முனையையும் இறுக்கிப் பிடித்தால் தண்டு வளையும், சுவர் ஒருபக்கம் தடிக்கும். டெயில்ஸ்டாக்கில் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) நீட்சிக்கு இடம் விடும் ஸ்பிரிங் சென்டர் கட்டாயம்.

விட்டம் குறையக் குறையச் சிக்கல் கூடும். கல்பாக்கம் பிஎஃப்பிஆர் (முன்மாதிரி வேக ஈனுலை) எரிபொருள் குழாயின் வெளிவிட்டம் 6.6 மிமீ. அதில் 5 மிமீ அகல ஸ்ப்ரே விழுந்தால் ஓரத் துகள்கள் ஏறத்தாழ 40 டிகிரியில் சரிவாக மோதும். ஒட்டாது, ஒட்டினாலும் துளை துளையாக இருக்கும். இந்த அளவுக்குச் சாதாரண நாசிலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மேன்ட்ரலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்த பிறகே அனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்துவது). உள்ளே அலுமினியம் இருக்கையில் சூடாக்கினால் அது எஃகைப்போல இருமடங்கு விரியும். பூசிய நிலையில் எஃகு நொறுங்கும் தன்மையுடையது, விரிசல் விட்டுவிடும். மேன்ட்ரலை முதலிலேயே துளையிட்டு வைத்தால் கரைசல் உள்ளே ஓடும், குமிழி அடைக்காது. வெளிவருவது ஹைட்ரஜன், எக்ஸாஸ்ட் இல்லாமல் தொடக் கூடாது. கரைந்தபின் உள்சுவரில் கறுப்புக் கசடு நிற்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் எடுத்துவிட்டு டிஎம் (தாது நீக்கிய) தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீரின் குளோரைடு இந்தக் குழாய்க்கு ஆகாது. அனீலிங் 1000 டிகிரிக்கு மேல், வாக்யூமில் (வெற்றிடத்தில்).