படகு வந்தால்தான் அலுவலகம்: நெடுந்தீவில் ஐந்து நாள்

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று தேவைப்பட்டது. கனடாவில் இருந்து வெளிக்கிடும்போது அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். கணினியில் ஏற்றிய பதிவு என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். அம்மாவுடையது கையால் எழுதிய புத்தகக் காலத்துப் பதிவு. "அதுக்கு நீங்கள் நெடுந்தீவுக்குத்தான் போகவேணும்" என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீவில் இருக்கிற பெரியம்மாவையும் பார்க்கத்தானே வேண்டும், சரி என்று கிளம்பினேன்.

பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, அப்புறம் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரைக்கும் பஸ் போகும். அங்கே நயினாதீவுப் படகுகள் ஒன்று போக ஒன்று வந்துகொண்டே இருக்கின்றன. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிற சனத்துக்குக் குறைவில்லை. நெடுந்தீவுக்கோ ஒரு நாளைக்கு எண்ணி விடக்கூடிய படகுகள்தான். ஒரு மணி நேரப் பயணம். நான் போனது ஆடி மாதம், சோளகக் காற்று எழும்பியிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

இந்தக் கடற்பாதையைச் சும்மா கடந்துவிட முடியாது. 1985 மே 15ஆம் தேதி குமுதினிப் படகில் வைத்துப் பயணிகளை வெட்டிக் கொன்றது இங்கேதான். பெரியம்மா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

தீவு தட்டையானது. மலை இல்லை, ஆறு இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல் என்கிற பவளக்கல்லும், மேலே கொஞ்ச மண். வேலி கட்டவும் அதே முருகைக்கல்லைத்தான் சாந்து பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக அந்தக் கல்வேலிகள் போகின்றன. நிலத்தடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. மழை வருவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான். கோடையில் ஆசைப்பட்டு இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். உவர் நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிற நிலையம் இருக்கிறது, சனம் கலனோடு வருகிறது. வறட்சி கடுமையானால் போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து இங்கே திரியும் மட்டக்குதிரைகள் தண்ணீர் இல்லாமல் சாகும். வெளிநாட்டில் இருந்து போகிற நாங்கள் குதிரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடுவோம், அது வேறு கதை.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம். மற்றதெல்லாம் உதிர்ந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலப் படிவம் எல்லாவற்றிலும் அதுதான். அம்மாவின் கனடாக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் டெல்ஃப்ட், பழைய தமிழ்ப் பதிவில் நெடுந்தீவு. இரண்டும் ஒன்று என்று ரொறன்ரோவில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு தனி.

பரப்பளவில் சின்ன ஊர் இல்லை, ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீட்டர். ஆனால் 2012 கணக்கெடுப்பில் ஆட்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. அதற்கு முன் வடக்கில் முழுமையாக எண்ணியது 1981இல். இடையில் நடந்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். யாழ் மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது, ஜே/1 முதல் ஜே/6 வரை. ஆளில்லாத கச்சதீவும் இந்தப் பிரதேச செயலகத்துக்குள்தான். இந்தச் சொற்ப ஆட்களுக்குத் தனிப் பிரதேச செயலகம், தனிப் பிரதேச சபை, ஆஸ்பத்திரி, பாடசாலைகள், தபாலகம் எல்லாம் உண்டு. காகிதத்தில் குறையே சொல்ல முடியாது.

அம்மாவின் பிரதி சுணங்காமல் கிடைத்தது. பழைய புத்தகத்தைப் புரட்டித் தேடித் தந்தார்கள், மரியாதையாகக் கதைத்தார்கள். அதை நான் சொல்லாமல் விடக்கூடாது. சிக்கியது பெரியம்மாவின் காணி அலுவலில். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே கையெழுத்து வைக்க வேண்டியவர் யாழ்ப்பாணத்தில் இருந்து காலைப் படகில் வருகிறவர், பின்னேரப் படகில் திரும்புகிறவர். முதல் நாள் போனேன், காற்று என்று வரவில்லை. இரண்டாம் நாள், கூட்டமாம். மூன்றாம் நாள் வந்திருந்தார். நான் வரிசையில் நிற்க, படகுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிவிட்டார். அவரில் மட்டும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படகைத் தவறவிட்டால் இரவு அவர் எங்கே தங்குவது?

கரண்ட்டும் இதே கதைதான். தீவுக்குத் தேசிய மின்கம்பி வரவில்லை, டீசல் இயந்திரம் ஓடித்தான் விளக்கு எரிகிறது. அந்த டீசலும் கடலால்தான் வரவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலும் காற்றும் கொண்டு மின்சாரம் எடுக்க இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. இங்கே அடிக்கிற காற்றுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம். மருந்து உள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது, பரிசோதனை ஏதும் என்றால் யாழ்ப்பாணம். இரவில் திடீரென்று ஏதாவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கடற்படைப் படகு வரும் தம்பி. கடல் விட்டால் வரும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "இஞ்ச வருத்தமும் படகு நேரம் பாத்துத்தான் வரவேணும்" என்றார்.

வெளிநாட்டுச் சங்கங்களில் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் உடனே மண்டபம், வளைவு, கோயில் வர்ணம் என்று பட்டியல் வரும். என்னைக் கேட்டால், நம்பி ஏறக்கூடிய படகு ஒன்று, பின்னேரம் பிந்தி ஓடக்கூடியது, அதைப் பற்றி முதலில் கதைக்கலாம். கூடவே வெளியூர் உத்தியோகத்தருக்குத் தங்க நல்ல விடுதி. அலுவலகம் இன்னொன்று வேண்டாம், இருக்கிறது போதும்.

ஐந்தாம் நாள் திரும்பினேன். படகில் எனக்கு நேரே எதிரில் அந்த உத்தியோகத்தர், மடியில் கோப்புப் பை. என்னை அடையாளம் கண்டு அவரே கதை தொடங்கினார். பெரியம்மாவின் படிவம் என்னிடம்தான் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பொறுமையாக வாசித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"இப்பவே கையெழுத்து வைக்கலாம்," என்றார், "முத்திரை அங்கே மேசைக்குள்ளை அல்லோ."