குல்மர்க்ல காஸ்ட்லி ரிசார்ட்: கொடுக்கிற காசுக்கு வொர்த்தா? பல விண்டர் போய் வந்த அனுபவம்

டெல்லி மயூர் விஹார்ல எங்க அபார்ட்மென்ட்லயும் சரி, ஆர்.கே.புரம் மலை மந்திர்ல பாக்குற நம்ம ஊர்க்காரங்களும் சரி, நவம்பர் பொறந்தா கேக்குறது ஒண்ணுதான். விண்டர்ல காஷ்மீர் குல்மர்க்குக்கு போறீங்களே, அந்த பெரிய ரிசார்ட்ல தங்குறது வொர்த்தா, இல்ல வெறும் பேர்தானா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். ஸ்கீ பண்ணப் போறீங்கன்னா வொர்த்து, ஆனா அவங்க விளம்பரத்துல காட்டுற காரணத்துக்காக இல்ல. பனிய பாத்து, போட்டோ எடுத்து, ரெண்டு நாள்ல திரும்புறவங்க அந்தக் காசை வேற நல்ல விஷயத்துக்கு வைக்கலாம்.

ஹோட்டல் பேர் சொல்லல. குல்மர்க்ல அந்த ரேஞ்ச்ல இருக்கிறதே ரொம்ப கம்மி, சீசன்ல ஒரு நைட்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல கேக்குற இடங்க, அதுல மாத்தி மாத்தி தங்கியிருக்கோம், நடுவுல சாதாரண கெஸ்ட் ஹவுஸ்லயும் தங்கியிருக்கோம், அதனால ரெண்டையும் வச்சுப் பாத்து சொல்ல முடியுது.

முதல்ல மலைய பத்தி சொல்லணும், ஏன்னா குல்மர்க்குக்கு இருக்கிற பேர்ல முக்காவாசி அஃபர்வத் மலைக்கு சேர வேண்டியது. ஊரு 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு, கண்டோலான்னு சொல்ற கேபிள் கார்ல ஃபர்ஸ்ட் ஃபேஸ் ஏறினா கோங்டூரி, சுமார் 3,080 மீட்டர், அங்கேருந்து செகண்ட் ஃபேஸ் ஏறினா கிட்டத்தட்ட 3,950 மீட்டர்ல கொண்டு போய் இறக்கிடும். அதாவது கால்ல ஸ்கீய மாட்டிக்கிட்டு இறங்க ஆரம்பிச்சா ஊர் வந்து சேர 1,300 மீட்டர் இறக்கம். இந்தியால லிஃப்ட்ல ஏறி இவ்வளவு உயரத்துலேருந்து ஸ்கீ பண்ணி இறங்குறதுக்கு வேற இடம் கிடையாது. ஃபர்ஸ்ட் ஃபேஸ் 1998ல வந்தது, செகண்ட் ஃபேஸ் 2005ல, அந்த செகண்ட் ஃபேஸ் வந்ததுக்கு அப்புறம்தான் வெளிநாட்டு ஸ்கீயர்ஸ் குல்மர்க்கைத் தேடி அதிகமா வர ஆரம்பிச்சாங்க. நல்லா கொட்டி முடிச்ச மறுநாள் காலைல மேல போனா, பனி சலிச்சு வச்ச அரிசி மாவாட்டம் இருக்கும், முழங்காலுக்கு மேல வரும், ஆனா தடுக்காது, உடம்பு அப்படியே மிதந்து போகும். அந்த ஒரு காலைக்காக நான் வருஷம் முழுக்க லீவ சேத்து வைப்பேன். இதுல எனக்கு எந்த சந்தேகமும் கிடையாது, மலை அதோட பேருக்கு மேலயே தருது.

அப்போ ரிசார்ட் என்ன தருது? ஸ்பா, நீச்சல் குளம், கண்ணாடி ஜன்னல் வழியா மலைக் காட்சி, இதெல்லாம் நல்லாதான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா நாலு மணி வரைக்கும் ஸ்கீ பண்ணிட்டு வர்ற ஆளுக்கு அதுல பாதி கண்ணுலயே படாது. எனக்கு பணம் கொடுத்தது நியாயம்னு தோணினது மூணு விஷயத்துக்கு.

ஒண்ணு, கண்டோலா ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம். ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கிட்டு, தோள்ல ஸ்கீயும் கைல ஊனிக்கிற குச்சியும் வச்சுக்கிட்டு ஐஸ் ரோட்ல அரை கிலோமீட்டர் நடந்து பாத்தவங்களுக்குத்தான் இது புரியும். மார்க்கெட் பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்லேருந்து போறப்போ, கண்டோலா வாசலுக்கு வர்றதுக்குள்ளயே தொடை வலி ஆரம்பிச்சிடும், பசங்க கூட இருந்தா கேக்கவே வேணாம். கிட்ட தங்கினா இன்னொரு லாபம், செகண்ட் ஃபேஸ் திறக்குமா திறக்காதான்னு காலைல யாருக்கும் உறுதியா தெரியாது, காத்து அடிச்சா நிறுத்திடுவாங்க, ராத்திரி பனி கொட்டியிருந்தா ஸ்கீ பேட்ரோல்னு சொல்ற பாதுகாப்பு ஆளுங்க மேல போய் அவலாஞ்ச், அதாவது பனிச்சரிவு அபாயம் பாத்து சரி பண்ணின பிறகுதான் விடுவாங்க, பதினோரு மணிக்கு திடீர்னு திறந்துட்டாங்கன்னு சேதி வரும், அப்போ பத்து நிமிஷத்துல போய் நிக்க முடியறவனுக்குத்தான் யாரும் கால் வைக்காத பனி கிடைக்கும்.

ரெண்டாவது, பூட்ஸ் காய வைக்கிற ரூம். சிரிக்காதீங்க, நிஜமா சொல்றேன். ஸ்கீ பூட்ஸோட உள் லைனர் சாயங்காலம் வேர்வைலயும் பனிலயும் ஊறி இருக்கும், கெஸ்ட் ஹவுஸ்ல புகாரிங்கிற விறகு அடுப்பு பக்கத்துல வச்சு வச்சு திருப்பினாலும் காலைல ஈரம் இருக்கும், அந்த ஈர பூட்ஸை மைனஸ் பத்துல மாட்டினா அன்னிக்கு முழுக்க கால் விரல் உணர்ச்சியே இருக்காது. நல்ல ரிசார்ட்ல ஸ்கீ ரூம்னு தனியா வச்சிருப்பாங்க, பூட்ஸ் உள்ள சூடு காத்து போற ஸ்டாண்டு இருக்கும், காலைல போனா பூட்ஸ் காஞ்சு வெதுவெதுப்பா இருக்கும், மாட்டி விடவும் ஒரு பையன் நிப்பான். என் பொண்ணு அழாம ரெண்டாவது நாளும் ஸ்லோப்புக்கு வந்தான்னா அதுக்கு அந்த ரூம்தான் காரணம். புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி இது இருக்கான்னு கேளுங்க. எத்தனை ஸ்டார்னு பாக்குறதை விட இது முக்கியம், காஸ்ட்லியா இருந்தும் பேருக்கு ஒரு ஹீட்டரை மட்டும் வச்சிருக்கிற இடத்துலயும் நாங்க தங்கியிருக்கோம்.

மூணாவது சூடு. டெல்லி குளிர் தெரியும், அது வேற, இங்க டிசம்பர் 21லேருந்து நாப்பது நாள் சில்லை கலான்னு சொல்ற கடும் குளிர், காஷ்மீர்க்காரங்களே காங்க்ரிங்கிற கணப்புச் சட்டி இல்லாம வெளில வர மாட்டாங்க. குழாய்ல தண்ணி உறையும், கரண்ட் போகும். பெரிய ரிசார்ட்ல சென்ட்ரல் ஹீட்டிங், ஜெனரேட்டர், வெந்நீர் எல்லாம் நிக்காம ஓடும். சாதாரண இடத்துல எலக்ட்ரிக் பிளாங்கெட்டும் புகாரியும்தான், புகாரில விறகு போட ராத்திரி ஆள் வரும், நடு ராத்திரி அணைஞ்சா எழுந்துக்க மனசே வராது. எங்க அப்பா ஒரு தடவை கூட வந்தாங்க, எழுபதைத் தாண்டின வயசு, அவங்களோட போறப்போ சென்ட்ரல் ஹீட்டிங் இல்லாத இடத்தை நான் யோசிக்கவே மாட்டேன். வயசானவங்க, சின்ன குழந்தைங்க கூட வர்றாங்கன்னா இந்த ஒரு காரணமே போதும்.

சாப்பாடு விஷயத்துல ரிசார்ட் மேல எனக்கு வருத்தம் உண்டு. பஃபேல பனீர் பட்டர் மசாலா, பாஸ்தா, நூடுல்ஸ்னு டெல்லில எந்த கல்யாணத்துலயும் கிடைக்கிறதையே அடுக்கி வச்சிருப்பாங்க. காஷ்மீர்க்காரங்க நம்மளை மாதிரியே ரெண்டு வேளையும் சோறு சாப்பிடுறவங்க, அவங்க வீட்டு ஹாக் கீரையும், நத்ருன்னு சொல்ற தாமரைத்தண்டும், தயிரும் நம்ம நாக்குக்கு அப்படி ஒத்துப் போகும். என் வைஃப் கிச்சன்ல நேரா போய் கேட்டா, உங்களுக்கு சமைக்கிற ஹாக்கும் சோறும் எங்களுக்கும் கொடுங்க பாய்னு, அதுக்கப்புறம் தினமும் ஒரு கிண்ணம் டேபிளுக்கு வந்துடும். கறி சாப்பிடுறவங்க ரிஸ்தா, குஷ்தாபான்னு சொல்ற கறி உருண்டைங்களை ரிசார்ட்ல சாப்பிடாதீங்க, ஸ்ரீநகர்ல இறங்கி சாப்பிடுங்க. காலைல ஹரீஸாங்கிற கறிக் கூழ் கிடைக்கிற கடைகளும் அங்கதான், விண்டர்ல மட்டும்தான் போடுவாங்க.

ஸ்கீ கத்துக்கிறதுக்கு ரிசார்ட் பேக்கேஜ் எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். லோக்கல் இன்ஸ்ட்ரக்டர்ஸ் கீழ மைதானத்துலயே இருக்காங்க, சின்ன வயசுலேருந்து பனில வளர்ந்தவங்க, ரிசார்ட் மூலமா வர்றதும் பெரும்பாலும் அதே ஆளுங்கதான், நடுவுல கமிஷன் சேருது. சீரியஸா கத்துக்கணும்னா குல்மர்க்லயே மத்திய அரசோட இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்கீயிங் அண்ட் மவுண்டனியரிங் இருக்கு, 1968லேருந்து நடக்குது, அங்க கோர்ஸ் போட்டுட்டு வந்தவங்க ஸ்லோப்ல நிக்கிற விதமே வேற. முதல் தடவை போறவங்க கண்டோலால மேல போய் ஸ்கீ பண்ணலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, கீழ இருக்கிற மெதுவான சரிவுலதான் முதல் நாலஞ்சு நாள் போகும், அதுக்கு 30,000 ரூபாய் ரூம் வேணுமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மேல போறவங்களுக்கு ஒண்ணு, இதை தயவு செஞ்சு படிங்க. செகண்ட் ஃபேஸ் இறங்கினதும் பேட்ரோல் பாத்துக்கிற பகுதி ஒண்ணு இருக்கு, அந்த எல்லையைத் தாண்டினா பாதுகாப்பு யாரோட கைலயும் இல்ல. 2023 பிப்ரவரி 1 அன்னிக்கு அஃபர்வத்ல அவலாஞ்ச்ல போலந்துக்காரங்க ரெண்டு பேர் இறந்தாங்க, 2024 பிப்ரவரில கிலன்மர்க் பக்கம் ஒரு ரஷ்யர். எல்லாரும் ஸ்கீ பண்ணப் போனவங்க. பீக்கன் (பனில புதைஞ்சவங்களைக் கண்டுபிடிக்க சிக்னல் கொடுக்கிற கருவி), ப்ரோப் (பனில குத்திப் பாக்குற நீளமான கம்பி), ஷவல் (மண்வாரி) மூணும் இல்லாம, அதை எப்படி யூஸ் பண்றதுன்னு பழகாம, லோக்கல் கைடு இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க. எந்த ரிசார்ட்ல தங்கினாலும் மலைக்கு அது தெரியாது. மரங்களுக்கு நடுவுல கீழ இருக்கிற பாபா ரேஷிங்கிற ஊர் வரைக்கும் இறங்குற வழி ரொம்ப அழகு, கீழேருந்து டாக்ஸி பிடிச்சு திரும்பி வந்துடலாம், ஆனா அதுக்கும் கைடு வேணும்.

இப்போ எல்லாரும் மறைக்கிற விஷயத்துக்கு வரேன். பனி வராத வருஷமும் இருக்கு. 2024 ஜனவரில மாசம் முடியப் போற வரைக்கும் குல்மர்க்ல புல்லும் மண்ணும்தான் தெரிஞ்சது, கடைசி வாரத்துலதான் கொட்ட ஆரம்பிச்சது. 2025ல பிப்ரவரி கடைசில நடக்க வேண்டிய கேலோ இந்தியா விண்டர் கேம்ஸ் குல்மர்க் பகுதியை பனி பத்தாததால மார்ச்சுக்கு தள்ளி வச்சாங்க. கவர்மென்ட் போட்டியையே தள்ளி வைக்கிற நிலைமைன்னா நம்ம ரூம் புக்கிங் எம்மாத்திரம். ஆனா ரிசார்ட்ல பனி இல்லன்னு சொன்னா பணம் திரும்ப வராது, தேதி மாத்துறதுக்குக்கூட கெஞ்சணும், பனி இல்லாத ஒரு வாரத்துக்கு முழு சீசன் ரேட் கட்டினோம், அதுல எனக்கு இன்னும் ஆத்தாமைதான். பனியை வித்து காசு வாங்குற இடம், பனி இல்லாதப்போ கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கணும். ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர் அதே விண்டர்ல, பரவால்ல, அடுத்த மாசம் வாங்க, அட்வான்ஸ் அப்படியே இருக்கும்னு சொன்னார். இந்த விஷயத்துல பெரிய ரிசார்ட் பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கல.

அதனால இப்பல்லாம் நாங்க கிறிஸ்துமஸ், நியூ இயர் பக்கமே போறதில்ல. அந்த வாரம் ரேட் உச்சம், கண்டோலா க்யூ நீளம், பனி பெரும்பாலும் பத்தாது. ஜனவரி நடுவுலேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் நம்பலாம். பாதி நாள் மார்க்கெட் பக்கம் கெஸ்ட் ஹவுஸ், வெதர் பாத்து கொட்டப் போகுதுன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் ரிசார்ட்டுக்கு மாறுறது, பிப்ரவரி நடுவுல வார நாள்ல கடைசி நிமிஷத்துல ரூம் கிடைக்கும், ரேட்டும் பேசலாம்.

டெல்லிலேருந்து உத்தராகண்ட்ல இருக்கிற ஆலி போகலாமேன்னு சிலர் கேப்பாங்க. ஆலிலேருந்து நந்தாதேவி தெரியுற அழகுக்கு ஈடு இல்ல, கத்துக்க நல்ல சரிவு. ஆனா ஜோஷிமட்லேருந்து போற ரோப்வேய 2023 ஜனவரில நிலம் இறங்கினப்போ நிறுத்திட்டாங்க, அதுவும் இல்லாம அஃபர்வத் உயரம் அங்க கிடையாது. ஸ்கீ ஓரளவு வந்துட்டா குல்மர்க்தான்.

போறதைப் பத்தி. ஜனவரில டெல்லி பனிமூட்டமும் ஸ்ரீநகர் பனியும் சேந்து ஃபிளைட்டை கெடுக்கும், முதல் காலை ஃபிளைட் எடுக்காதீங்க, பகல்ல போறதை எடுங்க. 2025 ஜூன்லேருந்து கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுது, சுமார் மூணு மணி நேரம், டெல்லிலேருந்து கட்ரா வரைக்கும் ட்ரெயின்ல போய் மாறிக்கலாம், ஃபிளைட் கேன்சல் ஆனா இது இருக்குங்கிறது பெரிய நிம்மதி. ஸ்ரீநகர்லேருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர், கடைசி 13 கிலோமீட்டர் டங்மர்க்லேருந்து ஏத்தம், பனி இருந்தா செயின் போட்ட வண்டி இல்லன்னா ஃபோர் வீல் டிரைவ்தான் விடுவாங்க, ரிசார்ட் வண்டிய டங்மர்க் வரைக்கும் அனுப்பச் சொல்லுங்க, அதுக்கு தனி சார்ஜ் போடுறாங்களான்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்க வேலை செய்யாது, வீட்ல ஒருத்தர்கிட்டயாவது போஸ்ட்பெய்ட் இருக்கணும். திரும்பும்போது ஸ்ரீநகர் ஏர்போர்ட்ல வாசலுக்கு முன்னாடியே வண்டிய நிறுத்தி எல்லா லக்கேஜையும் இறக்கி ஸ்கேன் பண்ணுவாங்க, உள்ள மறுபடியும் செக்கிங், ஸ்கீ பேக் இருந்தா இன்னும் நேரம் ஆகும், ஃபிளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கிற மாதிரி கிளம்புங்க.