பாக்கிக்கு ஆல்-டெரெய்ன் டயர்: பட்டனைத் தடவுவதற்கு முன் சைடுவாலைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கம் பிக்கப்புக்குப் பாக்கி என்றுதான் பெயர். வாரத்தில் ஐந்து நாள் என்2, என்3 நெடுஞ்சாலைத் தார், சனிக்கிழமை டோங்காட் அல்லது உம்சிண்டோ பக்கம் கரும்புத் தோட்டத்துச் செம்மண், பள்ளி விடுமுறை வந்தால் கோசி பே மணல் அல்லது சானி கணவாய். இத்தனையையும் ஒரே செட் டயரில் ஓட்ட வேண்டும் என்றுதான் ஆல்-டெரெய்ன், சுருக்கமாக ஏடி, தேடிப் போகிறோம்.

கடைக்குள் போனதும் கை போவது பட்டனுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளுக்குத்தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு முரடு என்று தடவிப் பார்க்கிறோம். ஆனால் பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம். சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், கிழிந்தால் பட்டன் பாதிக்கு மேல் மீதி இருந்தாலும் அந்த டயர் அன்றோடு முடிந்தது. அங்கே ஒட்டுப் போடவே கூடாது, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும் இடம் அது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு ஏடி டயரைப் பற்றிச் சொல்ல உண்மையாக ஏதாவது இருந்தால், அது சைடுவாலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

டயரைக் கீழே படுக்க வைத்து, ரிம் பக்கமாக இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ட்ரெட் பகுதியில் பாலியஸ்டர் இத்தனை, ஸ்டீல் இத்தனை, நைலான் இத்தனை என்று அடுக்குக் கணக்கு இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே சைடுவால் கணக்கு தனியாக இருக்கும். பெரும்பாலான சாதாரண டயர்களில் அங்கே பாலியஸ்டர் 1 அல்லது 2. 3 என்று இருந்தால் கல்லுக்கும் கரும்பு வெட்டிய அடிக்கட்டைக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். விற்பனையாளர் "டென் ப்ளை" என்று சொல்வது வேறு விஷயம். அது சுமைத் தரத்துக்கான பழைய பெயர். உள்ளே பத்து அடுக்கு கிடையாது.

அடுத்தது எண்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர் இரண்டிலும் பல மாடல்களுக்குக் கம்பெனி அளவு 265/65 ஆர்17: அகலம் 265 மி.மீ., சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 இஞ்ச். அதன் பின்னால் 112எஸ் என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், வேகம் 180 கி.மீ. வரை. அதே அளவில் முன்னால் எல்டி என்ற எழுத்தும் பின்னால் 120/117எஸ் என்ற எண்ணும் இருந்தால் அது லைட் டிரக் வகை: தனி வீலாக 1,400 கிலோ, இரட்டை வீலாக 1,285 கிலோ. 120 பெரிய எண், அதனால் எதற்கும் கவலை இல்லை என்று நினைத்துக்கொள்வோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எல்டி டயர் தன் முழுச் சுமையைத் தூக்குவது முழுக் காற்றில்தான். ஈ ரேஞ்ச் என்ற சுமை வரிசை டயருக்கு அது 5.5 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு). 112 என்று போட்ட சாதாரண டயர் 2.5 பாரிலேயே தன் 1,120 கிலோவைத் தூக்கிவிடும். எல்டி 265/70 ஆர்17, சி ரேஞ்ச், அதுவும் 112தான். ஆனால் அதே 1,120 கிலோவுக்கு அதில் 3.5 பார் வேண்டும். ஆகவே டயரை எல்டிக்கு மாற்றிவிட்டு, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள பழைய அளவுக்கே காற்று அடித்து ஓட்டினால், வலுவான டயரை வாங்கிக் காற்றுக் குறைவாக ஓட்டுகிறோம் என்று அர்த்தம். தடித்த சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும். தோள் ஓரப் பட்டன் இரண்டு பக்கமும் முதலில் தேயும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டில் பாரம் ஏற்றிய பாக்கியோடு ஏறும்போது அந்தச் சூடு உச்சத்துக்குப் போகும். பெரிய பெயருள்ள டயரே வெடித்துவிட்டது என்ற புகாரைக் கேட்டால், அந்த வண்டியில் எத்தனை பார் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

வண்டி காலியாக இருந்தால் எல்டிக்கு ஸ்டிக்கர் அளவை விட 0.3 முதல் 0.5 பார் கூட்டித் தொடங்குங்கள். பின்னால் முழுப் பாரம் என்றால் பின் டயருக்கு 3 பாரைத் தாண்ட வேண்டியிருக்கும். அந்த டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் உங்கள் அளவைத் தேடிப் பின் அச்சுக்கு உரியதைப் போடுங்கள். பாரத்தை இறக்கியதும் காற்றையும் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் காலிப் பாக்கி பின்னால் துள்ளும், நடுப் பட்டன் மட்டும் தேயும், மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

அடித்த காற்று சரியா என்று டயரே சொல்லும். காலையில், வெயில் படுவதற்கு முன், குளிர்ந்த டயரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டி நிறுத்தி, உடனே மறுபடி அளங்கள். 2.4 பார் 2.7க்கு வந்திருந்தால் சரி. 2.9ஐத் தொட்டால் காலையில் வைத்தது போதவில்லை. 0.1 கூட ஏறவில்லை என்றால் தேவைக்கு மேல் அடைத்திருக்கிறீர்கள். சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டு ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவருவது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. ஆறியதும் அது குறைகாற்று டயர்தான்.

சானி கணவாய்க்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடலோரத்தை விட ஏறக்குறைய 0.3 பார் குறைவு. அதனால் கேஜ் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். குளிர் அதில் பாதியை மறுபடி இறக்கிவிடும். டர்பனில் 2.4 வைத்த டயர் மேலே 2.5க்கு மேல் காட்டினால் கேஜ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கற்சாலைக்கு 1.6 முதல் 1.8 பார், வேகம் 60 முதல் 80க்குள். காற்று இறங்கியதும் டயர் கூர்கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், குத்து வாங்காது. ஆனால் அதையே 1.2க்கு இறக்கினால் சைடுவால் வெளியே பிதுங்கிக் கல்லுக்கு நேராக நிற்கும். செரஸ் - கால்வினியா ஆர்355 பாதையைப் பற்றிக் கேள்விப்படாத பாக்கிக்காரர் இருக்க மாட்டார். ஏறக்குறைய 250 கி.மீ.க்கு நடுவில் ஒரு ஊர் கிடையாது, தகடு தகடாக உடைந்த கல்தான் சாலை. அங்கே குறைகாற்றும் வேகமும் சேர்ந்தால் எந்த பிராண்டும் காப்பாற்றாது.

மணலுக்கு 1.0 முதல் 1.2. கோசி பே, டெம்பே பக்கத்து ஆழ மணலில் ஏடி டயர், சேற்றுக்கென்றே செய்த மட் டயரை விட நன்றாகவே போகும். மட் டயரின் பெரிய பட்டன் மணலைத் தோண்டும், ஏடி மேலே மிதக்கும். காற்றை இறக்கினால் டயரின் தடம் அகலமாவதை விட நீளமாகிறது. மிதப்பு அதிலிருந்துதான் வருகிறது. அந்த அளவில் வேகம் 40ஐத் தாண்டாதீர்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ஏறியதும் முதல் வேலை காற்றடிப்பது.

கரும்புத் தோட்டத்துச் செம்மண் களியில் மட்டும் ஏடியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மழைக்குப் பிறகு இருபது மீட்டர் போவதற்குள் பட்டன் இடைவெளி முழுக்கக் களி அப்பி டயர் மொழுமொழு என்று ஆகிவிடும். வீலைக் கொஞ்சம் சுழலவிட்டால் ஓரளவு உதறும். தினமும் களிதான் என்றால் மட் டயர் போடுங்கள், தார்ச்சாலை இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தார்தான் என்றால், க்வாஜுலு-நாட்டாலின் கோடை மழையை மனதில் வைத்து, பட்டனுக்குள் நிறைய மெல்லிய கீறல் உள்ள ஏடியை எடுங்கள். நனைந்த தாரைப் பிடிப்பது அந்தக் கீறல்தான். பல டயர்களில் அது பட்டனின் அடிவரை போகாது, பாதித் தேய்மானத்தில் மறைந்துவிடும். வாங்கும்போது ஒரு கீறலைப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். டிராக்கன்ஸ்பர்க் பனிக்காலத்துக்கு மூன்று உச்சி உள்ள மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை இருந்தால் நல்லது. கெட்டியாக உறைந்த பனிக்கட்டிக்கு அதுவும் போதாது, சங்கிலி வேண்டும்.

அளவு மாற்றுவதைப் பற்றி: 265/70 ஆர்16, 265/65 ஆர்17, 265/60 ஆர்18 மூன்றின் விட்டமும் முறையே 777, 776, 775 மி.மீ. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். மாறுவது சைடுவால் உயரம்: 186, 172, 159. பதினெட்டு இஞ்ச் ரிம் பார்வைக்கு அழகு. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் குறைவு. பிரேக் காலிப்பர் இடிக்காத மாடல் என்றால் கரடுமுரடான வழிக்குச் சின்ன ரிம்தான் என் தேர்வு. 265/70 ஆர்17க்குப் போனால் விட்டம் 803. ஸ்பீடோமீட்டர் கணக்கில் 3.4 சதவீதம் மாறும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்கார்டு உள்பக்கம் உரசலாம். எல்டி டயர் ஒவ்வொன்றும் சாதாரணத்தை விட 3 முதல் 5 கிலோ கூடும், டீசலும் அதற்கேற்ப. பாரம் ஏற்றாமல், கல் ரோடு போகாமல் இருப்பவருக்கு சாதாரண சுமை ஏடியே போதும்.

காசு கொடுப்பதற்கு முன் சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2624 என்றால் 2024ஆம் ஆண்டின் 26ஆவது வாரம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே சமயத்தில் வந்தவையா என்று பாருங்கள். வால்வு புதிதாக மாட்டச் சொல்லுங்கள். நட்டை ஏர் கன்னால் முடிக்காமல் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லி, 50 முதல் 100 கி.மீ. போனதும் மறுபடி சரிபாருங்கள்.

மாட்டிய பிறகு ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கும் ஐந்தையும் சுற்றிப் போட வேண்டும்: ஸ்டெப்னி வலது பின்னுக்கு, வலது பின் வலது முன்னுக்கு, வலது முன் இடது பின்னுக்கு, இடது பின் இடது முன்னுக்கு, இடது முன் ஸ்டெப்னிக்கு. சுற்றாமல் விட்டால் பட்டனின் ஒரு ஓரம் உயர்ந்தும் மறு ஓரம் தேய்ந்தும் ரம்பப் பல் மாதிரி ஆகும். உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் சுரண்டுவதாகவும் தெரியும். ஏடி டயர் பழசானால் கத்தும் என்கிறார்களே, அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு இதுதான். ஒருமுறை முற்றிவிட்டால் சுற்றிப் போட்டாலும் முழுக்க அடங்காது.

சுற்றும்போதே ஆழமானியால் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். 12 மி.மீ.யில் தொடங்கி 4 மி.மீ.யில் மாற்றுவதென்றால் நமக்குக் கிடைப்பது 8 மி.மீ. 10,000 கி.மீ.க்கு 1 மி.மீ. போனால் 80,000 ஓடும், 1.6 போனால் 50,000தான். உள்ளோரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். தென்னாப்பிரிக்கச் சட்டம் 1 மி.மீ. வரை விடுகிறது, தேய்மான அடையாளக் கட்டை தெரிந்துவிட்டால் அதுவும் கிடையாது. மழை ஊரில் 4க்குக் கீழே போகும்போதே தண்ணீரில் மிதப்பு ஆரம்பித்துவிடும், சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டெப்னி கட்டாயம் அதே அளவு, அதே வகை. விட்டம் மாறிய டயரை ஒரு பக்கம் மாட்டி, ஃபோர் வீலில் போட்டுத் தாரில் ஓட்டினால், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். கடலோர உப்புக்காற்றில் அடிப்பக்கம் தொங்கும் ஸ்டெப்னியின் சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போகும். சுற்றிப் போடும் ஒவ்வொரு முறையும் முழுக்க இறக்கி, கிரீஸ் தடவி, காற்றை அளந்து ஏற்றுங்கள். கூடவே பஞ்சர் திரி, துளை அரம், வால்வு ஊசி இரண்டு, அதைக் கழற்றும் சாவி, பேட்டரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கம்ப்ரசர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசரால் இந்த அளவு டயரை நிரப்ப நேரம் பிடிக்கும், பெரியதை அங்கே செருகினால் ஃபியூஸ் போய்விடும்.