எனிடெஸ்க்கை நீக்கினால் போதுமா, விண்டோஸையே ரீசெட் செய்யணுமா?

கணினியைச் சரிசெய்ய ஒருவர் தொலைவிலிருந்து உள்ளே வந்தார். வேலை முடிந்துவிட்டது, ஆனால் அவர் உள்ளே வரப் பயன்படுத்திய எனிடெஸ்க் என்ற மென்பொருள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து அன்இன்ஸ்டால் செய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் எனிடெஸ்க்கை நிறுவாமலே இயக்கலாம். அப்படி இயக்கியிருந்தால் பட்டியலில் பெயரே வராது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடி அழிக்க வேண்டும். அப்புறம், சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா (ProgramData) என்ற ஃபோல்டரையும் கட்டாயம் பாருங்கள். எனிடெஸ்க் பெயரில் ஃபோல்டர் மிஞ்சியிருந்தால் அதையும் நீக்குங்கள். நீங்கள் அருகில் இல்லாதபோதும் நுழைவதற்கென வைத்த கடவுச்சொல் போன்ற அமைப்புகள் அங்கேதான் தங்கும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இரண்டாவது வழி ரீசெட், அதாவது விண்டோஸையே புதிதாக நிறுவுவது. அப்படிச் செய்தால் இந்தத் தேடலே வேண்டாம். படங்களையும் கோப்புகளையும் வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு. ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், தமிழ்த் தட்டச்சுக் கருவி உட்பட.

தெரிந்தவர் உதவிக்கு வந்திருந்தால் முதல் வழியே போதும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன முகம் தெரியாதவர் என்றால், தயங்காமல் ரீசெட்டுக்குப் போங்கள், எல்லாவற்றையும் அழிக்கும் வகையிலேயே. அவர் வேறு எதை விட்டுப் போனார் என்று நமக்குத் தெரியாது. அதற்கு முன் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் மாற்றுங்கள்; அவர் ஏற்கெனவே பார்த்த கடவுச்சொல்லை எந்த ரீசெட்டும் மாற்றாது.