லாங் பஜார் சத்துமாவுக் கடை: பாக்கெட் வேண்டாம், அரைத்து வாங்குங்கள்

பேரனுக்கு 9 மாதம். பிறக்கும்போது இரண்டேகால் கிலோதான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தொடையைக் கிள்ளிவிட்டு, "சதையே பிடிக்கலையே" என்று சொல்லிப்போனதில் மருமகள் நொந்துபோனாள். சரி என்று வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மா அரைக்கிலோ பாக்கெட்டை நீட்டினார். "ரெண்டே மாசத்துல கொழுகொழுன்னு ஆயிடுவான் சார்." பின்பக்கம் 16 பொருட்களின் பெயர் இருந்தது, எது எவ்வளவு என்று இல்லை. நாக்கில் வைத்தால் நாட்டுச் சர்க்கரைதான் முதலில் வருகிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எதற்கு அது?

விலங்கியல் வாத்தியாராக இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கொழுகொழு என்பது பெரும்பாலும் கொழுப்பு அம்மா, தசை வேறு என்றேன். தசை நார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே அநேகமாக முடிவாகிவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் இருக்கிற நார் நீள்வதும் தடிப்பதும்தான். பால் குடித்ததும் ரத்தத்தில் இன்சுலினும், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் ஏறும். அந்த அமிலங்களில் லூசின் என்ற ஒன்று, தசைக்குள் புரதம் கட்டும் வேலையை முடுக்கிவிடும். பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பிறந்த புதிதில் இந்த வேகம் உச்சத்தில் இருந்து, வாரம் போகப் போக இறங்கியது. வளர்கிற வயதில் கிண்ணத்தில் புரதம் இருக்க வேண்டும், வெறும் மாவும் இனிப்பும் போதாது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுதான் புரதம். பச்சைப்பயறில் 20 கிராமுக்கு மேல். தானியத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் தாராளம். அதனால் இரண்டு பங்கு முளைகட்டிய கேழ்வரகு, ஒரு பங்கு வறுத்த பயறு, சர்க்கரை கிடையாது என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் அரைத்துக் கொடுத்தார். முந்தைய ஈடு மிளகாய்த்தூளோ என்னவோ, முதலில் ஒரு பிடி அரிசியை மில்லில் ஓட்டி, அந்த மாவைத் தனியே தள்ளிவிட்டுத்தான் என்னுடையதைப் போட்டார். அதற்கே மறுபடி போகலாம்.

ஒரே குறை, சூடு ஆறட்டும் என்று மாவைச் செய்தித்தாளில் பரப்பினார். அச்சு மை ஒட்டாதா? தட்டு ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

முளைகட்டிய மாவு என்பதால் கஞ்சி பசை போல இறுகவில்லை. முதல் நாள் துப்பினான். மூன்றாம் நாள் கிண்ணத்தையே இழுத்தான். தாய்ப்பால் அது பாட்டுக்கு நடக்கிறது. மதியத்தில் அந்தச் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.