அம்மாவின் சங்கிலியும் செட்டியார் தெரு அடகுக் கடையும்

கொழும்பில் நகை அடகு வைக்க நம்பிக்கையான இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று முதலாளி ஐயாவிடம் கேட்டேன். "பேர் வேண்டாம் டீச்சர், வாறவங்க வருவாங்க" என்றார். செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில் பக்கம், கீழே நகைக்கடை, மேலே இவருடைய கடை. படி ஒடுக்கம், முழங்கால் வலி உள்ளவர்கள் கையில் யாரையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும். மேலே ஒரு மேசை, ஒரு தராசு, மூன்று கதிரை, அவ்வளவுதான்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறேன். அடகுக் கடை வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்த ஆள்தான் நானும். 2022 ஜூனில் அந்தப் பயம் விட்டுப்போனது. தம்பிக்கு ஓட்டோதான் சோறு. பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நிற்பான், ஒரு நாள் ஓடுவான். ஓட்டோவின் லீசிங் தவணை மூன்று மாதம் கட்டவில்லை, வாகனத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று வந்து நின்றான். அம்மா விட்டுப்போன சங்கிலி, ஒன்றரைப் பவுண், சின்னச் சிலுவையோடு என் கழுத்தில் இருந்தது. கழற்றினேன்.

முதலில் கடை என்ன செய்தது என்று சொல்கிறேன். ஐயா சங்கிலியை உரைகல்லில் ஒரு இழை இழுத்துப் பார்த்தார். பிறகு தராசை என் பக்கம் திருப்பி வைத்தார், எண் எனக்குத் தெரியவேண்டும் என்று. 12.14 கிராம். அதை அடகுத் துண்டில் எழுதினார், தன் கொப்பியில் எழுதினார், ஒரு சின்னக் காகித உறையிலும் எழுதினார். சிலுவையின் ஒரு முனை வளைந்திருந்தது, அதையும் எழுதினார்: "சிலுவை, இடது கை வளைவு." கொக்கியில் அம்மா சுற்றியிருந்த சிவப்பு நூலைக் கழற்றவா என்று கேட்டேன். "இருக்கட்டும், எப்படி வந்ததோ அப்படியே போகட்டும்" என்றார். 120,000 ரூபா தந்தார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டரை, அதாவது 3,000 ரூபா. இது குறைந்த வட்டி இல்லை. வங்கியில் ஒழுங்கான வருமானத்தோடு போகக்கூடியவர்கள் அங்கே விசாரித்துவிட்டு இங்கே வாருங்கள்.

தம்பி அந்தக் காசில் பாதியை லீசிங்குக்குக் கட்டினான். மீதியைக் குடித்தான். ஓட்டோவும் போனது. அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் ஒன்றரை வருடம் வரவில்லை. நானும் தேடவில்லை. மன்னிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, வீட்டில் அவன் பெயரை எடுக்கவிடாமல் இருந்தேன். அது பொய்யான வாழ்க்கை என்று எனக்கே தெரியும்.

வட்டியை ஒன்பது மாதம் கட்டினேன், பிறகு முடியவில்லை. ஒரு வருடம் தாண்டியது. இதற்கு முன் வேறொரு இடத்தில் என் அக்காவின் காப்புகளை ஏலத்தில் விற்றுவிட்டு, அறிவித்தல் கடிதம் பிறகு வந்தது. அதே நினைப்பில் இந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். ஐயாதான் தொலைபேசியில் அழைத்தார். "உருப்படி இருக்குது டீச்சர். பயப்படாதீங்க. கொஞ்சமாவது கட்டித் துண்டைப் புதுப்பிச்சு வச்சிட்டுப் போங்க." அந்த அழைப்புக்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மீட்பு என்ற சொல்லை நாம் கோவிலில் எத்தனை தரம் சொல்கிறோம்! மீட்பர், மீட்பின் வரலாறு, மீட்பின் நாள். செட்டியார் தெருவிலும் அதே சொல்தான். "எப்ப மீட்கப் போறீங்க?" விவிலியத்தை எடுத்துப் பார்த்தால் அடகு அங்கே நிறைய இருக்கிறது. பிறருடைய மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை என்கிறது விடுதலைப் பயணம் 22. மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவது மாதிரி என்கிறது இணைச்சட்டம் 24. அதே அதிகாரத்தில் இன்னொன்று: கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். ஏழையின் வாசற்படிக்குக்கூட அவ்வளவு மரியாதை. லேவியர் 25இல், வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்கவேண்டும் என்று இருக்கிறது.

கொச்சிக்கடைக் கோவிலில் புனித அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் வருகிறார்கள். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் என்றுதான் அநேகமானோருக்கு அவரைத் தெரியும். அவர் இறந்த வருடம் 1231. அதே வருடம் மார்ச் மாதத்தில், அவருடைய வேண்டுகோளின் பேரில், இத்தாலியின் பதுவா நகரம் ஒரு சட்டம் போட்டது: கடனைக் கட்ட முடியாதவர் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் போடக்கூடாது. அவருடைய சபையான பிரான்சிஸ்கன் துறவிகள்தான் 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று தொடங்கினார்கள், வட்டிக்காரர்களிடம் சனம் அழிந்துபோகாமல் இருக்க. நடத்தும் செலவுக்காகச் சிறு வட்டி வாங்கலாமா, அது பாவமா என்று பெரிய வாதம் நடந்து, 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவையில் திருத்தந்தை பத்தாம் லியோ வாங்கலாம் என்று முடிவு சொன்னார். அடகுக் கடைக்குப் போவதை மறைத்து மறைத்து வாழ்ந்த எனக்கு இதை அறிந்தபோது தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

சரி, கதைக்கு வருவோம். 2024 தொடக்கத்தில் தம்பி வந்தான். குடியை விட்டு எட்டு மாதம் என்றான். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறான். வாசலில் நின்றபடியே ஒரு பொலித்தீன் பையை நீட்டினான். உள்ளே ஐநூறும் நூறுமாக 14,000 ரூபா. "அக்கா, சங்கிலிக்கு" என்றான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. பையை மட்டும் வாங்கினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் கொண்டுவந்தான். ஐந்தாவது மாதம்தான் தேத்தண்ணி கொடுத்தேன்.

அந்த நாட்களில் மறைக்கல்வி வகுப்பில் விக்டர் ஹியூகோவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், சுத்தானந்த பாரதியார் ஏழை படும் பாடு என்று தமிழில் தந்தாரே, அது. ஒரு பாணைத் திருடப் போய், தப்பி ஓடப் பார்த்ததற்கும் சேர்த்து 19 வருடம் சிறையில் கிடந்தவன், தனக்கு இடம் கொடுத்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆயரோ நான்தான் கொடுத்தேன் என்கிறார், மெழுகுதிரித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அவற்றையும் கொடுக்கிறார். ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "டீச்சர், ஆயர் பொய்தானே சொன்னார்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டில் போய் அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தேன். பொலிஸ் வருவதற்கு முன்பே, வீட்டு வேலைக்காரப் பெண் வெள்ளி போய்விட்டதே என்று பதறும்போது, அந்த வெள்ளி நம்முடையதா, அது ஏழைகளுடையது, வந்தவனும் ஏழைதானே என்கிற கருத்தில் ஆயர் பேசிவிடுகிறார். அப்படியென்றால் அவர் சொன்னது பொய் இல்லை. மனதுக்குள் முதலே கொடுத்துவிட்டார். நான் தம்பிக்கு அந்த 120,000 ரூபாவை அப்படிக் கொடுக்கவில்லை, கையில் கொடுத்துவிட்டு மனதில் அடகாக வைத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றிரவு விளங்கியது.

2024 ஆகஸ்டில் மீட்கப் போனோம். 26 மாதம். தம்பி படியடியில் நின்றுவிட்டான், மேலே வரமாட்டேன் என்றான். நான் காசை மேசையில் வைத்தேன். ஐயா கொப்பியைப் புரட்டிவிட்டு, "2023 மார்ச்சில நீங்க கட்டின 3,000 துண்டில ஏறலை, என்ர கொப்பியில இருக்குது" என்று அதைக் கழித்தார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு கேட்டார்: "காசு ஆர்ர?"

தம்பியின் என்றேன்.

"அப்ப அவரைக் கூப்பிடுங்க."

தம்பி ஏறி வந்தான். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். ஐயா உறையைக் கிழித்துச் சங்கிலியை எடுத்துத் தராசில் போட்டு, தராசைத் தம்பியின் பக்கம் திருப்பினார். 12.14. சிவப்பு நூல் அப்படியே இருந்தது, வளைந்த முனையும். சங்கிலியை என்னிடம் தரவில்லை, தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். "அக்காவுக்கு நீங்களே குடுங்க தம்பி." நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். லேவியர் 25ஐ அவர் வாசித்திருக்க மாட்டார். முழு வட்டியையும் வாங்கினார், ஒரு சதம் விடவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் மீட்டவன் யார் என்று அவர் சரியாகப் பார்த்தார்.

தம்பிக்குக் கொக்கி போடத் தெரியவில்லை, விரல் எல்லாம் மூட்டை தூக்கிக் காய்த்துப்போய். மூன்று தரம் முயன்று நாலாம் தரம் போட்டுவிட்டான்.

இனி குறைகள். மேலே ஒரே அறை என்பதால் நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று அடுத்த கதிரையில் இருப்பவருக்கும் கேட்கும். பெண்களுக்கு இது பெரிய சங்கடம். ஒரு தடுப்பாவது போடச் சொல்லி ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். துண்டில் அச்சடித்திருப்பது சிங்களமும் ஆங்கிலமும், தமிழைக் கையால்தான் எழுதுகிறார். நிபந்தனைகளைக் கேட்டு விளங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டு. அடையாள அட்டையும் துண்டும் இல்லாமல் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் நகையைத் தரமாட்டார், அது நல்லதுதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வருகிற சனமும் சேர்ந்து தெருவில் நடக்கவே இடமிருக்காது, வேறு நாளில் போங்கள்.

நகையை மீட்டதும் அந்தச் சின்ன உறையைக் கேட்டால் ஐயா தருவார். என்னுடையதைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.